கேரட்டின் இரண்டாம் ஆண்டு

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட அந்த இரு கல்வெட்டுகளும் பாடநூல் முதல் பாராளுமன்ற உரை வரை இடம்பிடித்துவிட்டன. 30 குடும்பு, ஓலை நறுக்கில் பெயர், குடத்தில் கைவிடும் சிறுவன், யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற நெடிய பட்டியல் ஆகியவை நம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தேர்தல் முடிந்தபின் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. முன்பு வாரியம் செய்த அனுபவமும் கல்வியும் வயதும் உடையோர் 12 பேர் சம்வத்சர வாரியமாகவும், மற்றவருள் 12 பேர் தோட்ட வாரியமாகவும், 6 பேர் ஏரி வாரியமாகவும் அமர்ந்தனர் என்பது கல்வெட்டுச் செய்தி. ஏரிக்கு 6 பேர். தோட்டத்துக்கு 12 பேர்! வைரமேகத் தடாகம் போன்ற பேரேரியை வைத்துக்கொண்டிருந்த ஊர், அதைவிட இருமடங்கு ஆட்களைத் தோட்டத்துக்கு அமர்த்தியிருக்கிறது. தோட்டம் என்பது பொழுதுபோக்காக இருந்திருக்க இயலாது.

தோட்டத்தில் என்ன விளைந்தது என்று கல்வெட்டு பட்டியல் தரவில்லை. ஆயினும் நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. வாரியத்தின் காலம் 360 நாள். அது முடிந்ததும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மூன்றாண்டு கழியாமல் மீண்டும் குடத்தில் பெயர் விழாது. ஓராண்டுக்குள் விதைத்து, வளர்த்து, அறுத்து, அடுத்த விதையையும் எடுத்து வைத்துவிடலாம் என்ற வேளாண் காலக்கணக்கு அந்த 360 நாளுக்குள் வசதியாக அடங்குகிறது. நெல்லுக்கு அது பொருந்தும், எள்ளுக்குப் பொருந்தும், கொத்தமல்லிக்கும் பொருந்தும். பொருந்தாத பயிர் ஒன்று உண்டு. முதலாண்டில் கிழங்கும் இரண்டாம் ஆண்டில் விதையுமாகத் தன் வாழ்வைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்தப் பயிர் அன்று நம் நாட்டில் இல்லை. இன்று நம் கடைத்தெருவின் ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் இருக்கிறது. கேரட்டைத்தான் சொல்கிறோம்.

கேரட் அந்நியன்தான், அதன் குடும்பம் அந்நியமன்று. ஒரு காம்பின் நுனியிலிருந்து குடைக்கம்பிகள் போலப் பல சிறு காம்புகள் விரிந்து, ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய பூக்கள் திரண்டிருக்கும் செடிகளைத் தாவரவியலார் ஒரே குடும்பமாகச் சேர்த்தனர். குடைப்பூக் குடும்பம் என்று அழைத்தால் பிழையில்லை. நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் பாதிக்குப் பாதி இக்குடும்பத்தார்தாம்: கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம். அவற்றுக்கு அருகில் தனி டப்பாவில் வாசம் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பெருங்காயமும் இக்குடும்பமே. குளத்தோரத்திலும் வாய்க்கால் வரப்பிலும் தானே படரும் வல்லாரையும் இதில் அடக்கம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். (கருஞ்சீரகம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று, பெயரால் வந்த உறவு மட்டுமே.)

இவற்றுள் கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவை ஓராண்டுக்குள் வாழ்ந்து முடிப்பவை. கரிசல் காட்டில் ஐப்பசியில் தூவிய மல்லி தை, மாசியில் மணியாகிவிடும். அடுத்த விதைப்புக்கு வேண்டியதை வீட்டுக்குள்ளேயே எடுத்து வைக்கலாம். இன்னும் சொல்லப்போனால், சமையலுக்கு வாங்கிய தனியாவையே இரண்டாக உடைத்து மண்ணில் போட்டால் முளைக்கும். உண்பதும் விதைப்பதும் ஒரே பொருள். பெருங்காயம் எதிர்த்துருவம். அது பல ஆண்டு வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, மடியும் செடி. குளிர்ந்த வறண்ட நிலத்தையன்றி வேறெங்கும் வளராது. நம் சாம்பாரின் மணம் நூற்றாண்டுக் கணக்காக ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. இந்திய மண்ணில் அதைப் பயிராக்கும் முயற்சியாக இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் முதல் கன்று நடப்பட்டது 2020 அக்டோபரில்தான். இந்த இரு முனைகளுக்கும் நடுவே நிற்பது கேரட்.

ஈராண்டுப் பயிர் என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். விதை முளைத்த முதல் பருவத்தில் கேரட் இலையை மட்டும் விடுகிறது; தண்டு எழுவதில்லை. இலை சமைத்த சர்க்கரை முழுதும் வேருக்குள் இறங்கிச் சேர்கிறது. அந்த வேரைத்தான் நாம் மூன்று, நான்கு மாதத்தில் பிடுங்கி உண்கிறோம். பிடுங்காமல் விட்டால், கடுங்குளிர் வருகையில் இலை பட்டுப்போய், வேர் மண்ணுக்குள் உறங்கும். வசந்தம் வந்தபின் அச்சேமிப்பைச் செலவிட்டு, ஆள் இடுப்புயரத்துக்கும் மேலாகத் தண்டெழுப்பி, வெண்குடை விரித்துப் பூத்து, விதைத்து மடியும். அப்போது வேர் விறகாகிவிடும். ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 800 விதைகள் அடங்கும். மேலே சிறு முட்கள் உள்ள, தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டிய விதைகள்.

இடையில் உள்ள அந்தக் குளிர் வெறும் இடைவேளை அன்று. ஐரோப்பிய வகைக் கேரட் பல வாரங்கள் தொடர்ந்து குளிரில் கிடந்தாலன்றிப் பூக்காது. 10 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறு முதல் பத்து வாரம் என்பது பொதுவான கணக்கு. குளிர் படவில்லையென்றால் செடி தன்னை இன்னும் முதலாண்டிலேயே இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. மார்கழியில்கூட இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கும் உத்திரமேரூரில், ஐரோப்பிய வகைக் கேரட்டை விதைத்தால் இலை வரும், வெளிறிய குச்சிக் கிழங்கும் வரும், பூ வராது. நம்மூர் மண்ணில் அச்செடிக்கு இரண்டாம் ஆண்டே கிடையாது.

செடிக்குக் குளிரூட்டிப் பூக்கச் செய்யும் இந்நிகழ்வைத் தமிழ்ப் பாடநூல்கள் தட்பப்பதனம் என்கின்றன. இச்சொல்லுக்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. 1920களின் இறுதியில் சோவியத் நாட்டில் கோதுமை விதையைக் குளிரூட்டி விதைக்கும் முறையை முழக்கத்தோடு அறிவித்துப் புகழடைந்தவர் திரோஃபிம் லைசென்கோ. இதற்கு முன்பே ஜெர்மானிய ஆய்வாளர்கள் குளிருக்கும் பூத்தலுக்கும் உள்ள உறவைச் சோதித்திருந்தனர். ஆனால் ஸ்டாலினின் ஆதரவு லைசென்கோவுக்கே வாய்த்தது. மரபியலையே முதலாளித்துவப் பொய் என்று அவர் தாக்கியபோது, எதிரில் நின்றவர் நிக்கோலாய் வாவிலோவ். உலகப் பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி நாடுநாடாக நடந்தவர். 1924இல் ஆப்கானிஸ்தானம் முழுவதும் சுற்றியவர். கேரட்டின் தாயகம் ஆப்கானிஸ்தானத்தை உள்ளடக்கிய நடு ஆசியா என்று வரையறுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அங்கு விளைந்தவை ஊதா நிறத்தவை, மஞ்சள் நிறத்தவை. 1940இல் கைது செய்யப்பட்ட வாவிலோவ், 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் பட்டினியால் இறந்தார். அதே ஆண்டுகளில் முற்றுகைக்குள்ளான லெனின்கிராடில், அவர் சேர்த்து வைத்த விதைக் களஞ்சியத்தைக் காத்த ஊழியர் பலர், மூட்டை மூட்டையாய்த் தானியம் அருகிலிருக்க, அதைத் தொடாமல் பசியால் மாண்டனர். விதை என்ற சொல்லை நாம் சற்று மரியாதையோடு உச்சரிக்க இந்த ஒரு செய்தி போதும்.

நடு ஆசியாவிலிருந்து மேற்கே சென்ற கேரட், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தரின் தோட்டங்களில் இன்று நாம் காணும் ஆரஞ்சு நிறத்தை நிலைநிறுத்திக்கொண்டது. அரச குடும்பத்தைப் போற்றுவதற்காகவே அந்நிறத்தை உருவாக்கினர் என்ற கதை சுவையானது; ஆதாரமில்லாதது. கிழக்கே வந்த கேரட் பஞ்சாபிலும் கங்கைச் சமவெளியிலும் செந்நிற, கருநிற வகைகளாகத் தங்கியது. வடவர் அல்வா கிண்டுவது அந்தச் செங்கேரட்டில். இந்த இரு கிளைகளுக்கும் நிறம் தவிர வேறொரு வேறுபாடு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

நமக்குக் கேரட் வந்தது வடக்கிலிருந்து நடந்து அன்று. மேற்கிலிருந்து கப்பலேறி, மலையேறி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் நீலகிரி ஏறினார். கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் முதலில் தங்குமிடம் அமைத்தார். பின்னர் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலையில் நிலம் பெற்று, 1822இல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அக்கட்டடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. கல்லூரிப் பணியில் உள்ளோர் இதைச் சற்றுப் பெருமையுடன் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. வீட்டைச் சுற்றி ஐரோப்பியக் காய்கறி, கனி, தானிய விதைகளை விதைத்துப் பார்த்தார் சல்லிவன். 2200 மீட்டர் உயரத்து மண்ணும் பனியும் அவற்றை ஏற்றுக்கொண்டன. சமவெளி வெயிலில் நோயுற்ற கும்பினிச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் மலையை ஆரோக்கிய வாசத்தலமாக்க வேண்டும் என்பது அவரது நீண்ட நாள் வாதம். காற்று நன்றாயிருந்தால் மட்டும் போதுமா, தட்டில் தாய்நாட்டு உணவும் வேண்டுமல்லவா! கேரட் மருந்துச் சீட்டின் ஒரு பகுதியாகவே தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது என்று நாம் கருதுகிறோம்.

அதுவரை அம்மலையில் விளைந்தவை வேறு. படுகர்கள் ராகி, சாமை, வாற்கோதுமை, கீரைத்தண்டு, கடுகு, பூண்டு பயிரிட்டு வந்தனர். தோடர்கள் உழவே மாட்டார்கள். எருமையே அவர்கள் செல்வம். புதிய காய்களை முதலில் பங்களாத் தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்து கற்றுக்கொண்டு, பிறகு தங்கள் நிலத்திலேயே வைத்து, ஒரு நூற்றாண்டில் அவற்றின் முதன்மை உழவர்களாகவே ஆகிவிட்டவர்கள் படுகர்கள். சல்லிவன் பெயர் தெருக்களிலும் நினைவகத்திலும் இருக்கிறது. மேடு பள்ளமான சரிவைப் படிப்படியாக வெட்டிப் பாத்திகட்டியவர்களின் கைத்திறன் நிலத்தில் மட்டும் பதிந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சுவையான ஒற்றுமை. 1845 வாக்கில் உதகையில் வசித்த வெள்ளையர்கள் நியாய விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்று மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு பொதுத் தோட்டம் வைத்தனர். 1847இல் அதற்கு ஒரு குழு அமைந்தது. 1848இல் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மக்ஐவர் வந்து சேர்ந்து, பத்தாண்டு உழைப்பில் அதைத் தாவரவியல் பூங்காவாக மாற்றினார். கோடை விழாவில் லட்சக்கணக்கானோர் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் உதகைப் பூங்காவின் வேர் ஒரு காய்கறிச் சந்தாவில் இருக்கிறது! 921இல் உத்திரமேரூரில் ஒரு தோட்ட வாரியம். 1847இல் உதகையில் ஒரு தோட்டக் குழு. முன்னது தன் பயிருக்கான விதையைத் தன் எல்லைக்குள்ளேயே பெற்றுக்கொள்ள இயன்ற வேளாண்மையின் குழந்தை. பின்னதோ விதைக்குக் கப்பலை எதிர்பார்த்திருந்தது. இலங்கையில் நுவரெலியாவிலும் இதே கதைதான். 1848இல் சாமுவேல் பேக்கர் ஆட்களும் கால்நடைகளும் விதைகளுமாக வந்து ஆங்கிலப் பண்ணையொன்றை அங்கே நிறுவினார். பிற்காலத்தில் மலையகத் தமிழர்கள் தோட்ட லயத்தை ஒட்டிய துண்டு நிலங்களில் கேரட்டும் லீக்ஸும் வளர்த்ததற்குத் தொடக்கம் அங்கிருக்கிறது.

புதிதாய் வந்த பொருளுக்குத் தமிழ் எப்படிப் பெயர் வைத்தது என்பதும் வரலாற்றுச் சான்றே. மஞ்சள் முள்ளங்கி, செம்முள்ளங்கி என்று அகராதிக்காரர்கள் சொல்லிப் பார்த்தனர். முள்ளங்கி கடுகுக் குடும்பம். கேரட் சீரகக் குடும்பம். வேரின் வடிவத்தைக் கண்டு ஏமாந்த பெயர்கள் அவை. மக்கள் அவற்றை ஏற்கவில்லை. கேரட் என்றே நிறுத்திக்கொண்டனர். ஆனால் சந்தை வேறொரு நுட்பமான காரியத்தைச் செய்தது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு, பீட்ரூட் ஆகியவற்றை இன்றும் நம் காய்கறி வியாபாரிகள் இங்கிலீஷ் காய் என்கின்றனர். கத்தரி, அவரை, புடலை எல்லாம் நாட்டுக்காய். இருநூறு ஆண்டு கழிந்தும் குடியுரிமை கிடைக்கவில்லை! தெவசச் சமையலில் இந்தப் பாகுபாடு இன்னும் கறாரானது. பிதுரர்க்குப் படைக்கும் இலையில் வாழைக்காயும் பாகலும் அவரையும் வரலாம். கேரட்டும் கோசும் வரக்கூடாது என்பது பல வீடுகளில் இன்றளவும் வழக்கம். இதை வெறும் ஆசாரம் என்று தள்ளிவிடாமல் படித்தால், தாத்தாவின் தாத்தா எதை உண்டதில்லை என்பதன் பட்டியலாக அது நமக்குப் பயன்படும். கல்வெட்டு இல்லாத இடத்தில் விலக்குப் பட்டியலும் ஓர் ஆவணமே.

மீண்டும் விதைக்கு வருவோம். ஓராண்டுப் பயிராக இருந்தால், முதல் மூட்டை விதை கப்பலில் வந்தபின் மலையிலேயே பெருகிக்கொண்டிருக்கும். ஈராண்டுப் பயிர்க்கு அவ்வளவு எளிதன்று. விதைக்காக ஒரு பாத்தியை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்க வேண்டும். நல்ல கிழங்கை உண்ணாமல், விற்காமல் விட வேண்டும். பூத்தபின் மழையும் மூடுபனியும் குடைகளை அழுகச் செய்யாதிருக்க வேண்டும். நீலகிரியின் இரட்டைப் பருவமழையில் கடைசி நிபந்தனையே பெரும் சூதாட்டம். இத்தனைக்கும் கேரட் விதை நெடுநாள் தாங்காது. ஈரக்காற்றுப் பட்டால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். எனவே ஆண்டுதோறும் புது விதை காற்றுப் புகாத கொள்கலன்களில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1912இல் சட்டன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில விதை நிறுவனம் கல்கத்தாவில் கடையே திறந்துவிட்டது. நூறாண்டுக் காலம் தமிழ் மண்ணில் கேரட் விளைந்தது. அதன் இரண்டாம் ஆண்டு மட்டும் கடலுக்கு அப்பால் நிகழ்ந்துகொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டை உலுக்கியது இரண்டாம் உலகப் போர். கப்பல் நின்றது, விதை நின்றது. 1940களின் தொடக்கத்தில் அரசு அவசரமாகப் பலுசிஸ்தானத்துக் குவெட்டாவில் குளிர்நாட்டுக் காய்கறி விதை உற்பத்தியைத் தொடங்கியது. குளிர்ந்த மாரி, மழையில்லாக் கோடை என்று விதைக்கு ஏற்ற இடம் அது. கேரட்டின் தாயகமான ஆப்கான் நிலத்துக்கு மிக அருகில் என்பதையும் வாசகர்கள் கவனிக்கலாம். ஐந்தாண்டு முடிவதற்குள் 1947 வந்தது. குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிற்று. பிரிவினை பற்றி நாம் படித்த நூல்களில் ரயில்களும் அகதிகளும் பஞ்சாபின் நதிகளும் உண்டு. இந்தியாவின் கேரட் விதையும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது என்பது எங்கும் பேசப்படவில்லை. 1949இல் இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில் கட்ராயின் என்ற ஊரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் அமைந்து, அறுந்த இழை மீண்டும் முடிச்சிடப்பட்டது. அங்கு பின்பற்றும் முறை நம் பொறுமையைச் சோதிப்பது. கோடையிறுதியில் விதைத்து, குளிருக்கு முன் கிழங்கை அகழ்ந்து, வடிவும் நிறமும் சரியாக உள்ளவற்றை மட்டும் தாய்க்கிழங்காகத் தெரிந்தெடுப்பர். இலையையும் கிழங்கின் அடிப்பகுதியையும் அரிந்துவிட்டு மீண்டும் நடுவர். அது குளிரைக் கடந்து, அடுத்த கோடையில் விதையாகும். வேரைக் கண்ணால் பார்த்தே தேர்வு செய்வதால் தரம் கெடாது. தாய் என்ற சொல்லை உழவர் வழக்கு எத்துணைப் பொருத்தமாகக் கிழங்கோடு சேர்த்திருக்கிறது!

நீலகிரியில் கேரட் பெரும்பயிராக உயர்ந்தது இன்னும் பிற்காலத்தில். உருளைக்கிழங்குதான் அம்மலையின் அரசனாக இருந்தது. 1935இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உதகையிலும் மேட்டுப்பாளையத்திலும் விற்றது முதன்மையாக உருளையைத்தான். 1961இல் உதகையில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் உறைகள் மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மலையிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை வந்தது. உருளை வைத்த நிலத்தில் இப்புழுவுக்கு இரையாகாத பயிரை மாற்றி வைக்குமாறு வேளாண் துறை வலியுறுத்தியது. அப்பயிர்களில் கேரட்டும் ஒன்று. ஒரு புழுவின் வரலாறு ஒரு காயின் வரலாற்றைத் திறந்துவிட்டது எனலாம். பிரான்சின் நான்ட் நகரத்தின் பெயர் தாங்கிய நான்டிஸ், ஜப்பானிய குரோடா என்று வகைகள் வந்தன. உதகைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஊட்டி 1 என்ற வகையைத் தந்தது.

1988இல் நடுவண் அரசின் புதிய விதைக் கொள்கை வந்தது. காய்கறி விதை இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. வழுவழுப்பான, ஒரே அளவான, அடர்நிறக் கலப்பின கேரட்டுகள் அதன்பின் மலையை ஆக்கிரமித்தன. சென்னை, பெங்களூருச் சந்தைகள் அவற்றையே விரும்பின. கலப்பினத்தின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் தாயைப் போலப் பிள்ளை வராது என்பது உழவர் அறிந்ததே. ஆகவே இரண்டாம் ஆண்டுக்குப் பாத்தி ஒதுக்கும் கேள்வியே எழுவதில்லை. தகர டப்பா போய்ப் பளபளக்கும் பொட்டலம் வந்தது. அப்பொட்டலத்தின் விலை கேட்டு நாம் மலைத்துப்போனோம். மலைக்காரர்கள் மலைக்க நேரமின்றி வாங்குகின்றனர். விளைச்சலும் விலையும் கூடினால் அவர்களுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். சில ஆண்டுகளில் நல்லதே. விலை வீழ்ந்த ஆண்டுகளில் கேரட்டைக் கால்நடைக்குக் கொட்டிய உழவரையும் இதே மலை கண்டிருக்கிறது. ஆயின் விதைக்கடைக் கணக்கு விலைவீழ்ச்சியைக் கேட்டுக் குறைவதில்லை.

நள்ளிரவில் தலைவிளக்கோடு வயலுக்கு வண்டியேறும் ஆண், பெண் தொழிலாளர்களையும் சொல்லாமல் விட இயலாது. பிடுங்கிய கேரட்டை விடியுமுன் இயந்திரத்தில் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டி ஏலத்துக்குச் சேர்க்க வேண்டும். சமவெளிக்காரன் காலையில் மண் ஒட்டாத கேரட்டைத் தேடுகிறான். அதற்காக மலையின் ஓடைகள் மண்கலங்கி ஓடுகின்றன. இத்தொழிலாளருள் 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்திறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு.

முன்னே தள்ளிவைத்த வேறுபாட்டை இனிச் சொல்லலாம். கிழக்கே வந்த ஆசியக் கேரட்டுக்கு அந்த நெடுங்குளிர் தேவையில்லை. வட இந்தியச் சமவெளியின் மார்கழி, தைக் குளிரே அதற்குப் போதும். ஒரே ஆண்டுக்குள் கிழங்கும் பூவும் விதையும் தந்துவிடும். நூற்றாண்டுக் கணக்கில் வெப்ப நிலத்து உழவர்கள் தேர்ந்து தேர்ந்து எடுத்ததில், ஈராண்டுச் செடி ஓராண்டுச் செடியாக இசைந்திருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் செங்கேரட்டையும் நான்டிஸ் இனத்தையும் கலந்து பூசா கேசர் என்ற வகையை உருவாக்கியது சமவெளியிலேயே விதையெடுக்கலாம் என்பதற்காகத்தான். குஜராத்தின் ஜுனாகட் மாவட்டத்தில் வல்லபபாய் வஸ்ராம்பாய் மர்வானியா என்ற உழவர் 1943இல், நவாப் ஆண்ட நாளிலேயே, கேரட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். அதுவரை அப்பகுதியில் அது மாட்டுத் தீனி. தன் வயலில் நல்ல கிழங்கைத் தானே பொறுக்கி, தானே விதையெடுத்து, மதுவன் என்ற வகையை வளர்த்தெடுத்தார். அவ்விதை அயலூர்களுக்கும் பரவியது. 2019இல் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் பத்மஸ்ரீ பெற்றார்; அடுத்த ஆண்டு மறைந்தார்.

தமிழ்நாட்டுக்கு அத்தகைய சமவெளிக் கேரட் வந்து சேரவில்லை. நாம் பெற்றது மலையேறி வந்த கிளை.

நீலகிரி வயல்களிலும் கேரட் அவ்வப்போது பூப்பதுண்டு. பனி கடுமையான ஆண்டில், பாத்தி நடுவே ஒன்றிரண்டு செடிகள் உரிய காலத்துக்கு முன்பே தண்டெழுப்பிக் குடை விரித்துவிடும். பார்க்க அழகாயிருக்கும். உழவர் கண்டவுடன் பிடுங்கி எறிந்துவிடுவார். கிழங்கு நாராகிப் பயன்படாது என்பது ஒரு காரணம். விதைக்கென்று விட்டுவைக்கவும் இயலாது. அவசரப்பட்டுப் பூத்த செடியின் பிள்ளைகளும் அவசரப்பட்டே பூக்கும். அடுத்த தலைமுறையில் பாத்தி முழுதும் பூவாகிக் கிழங்கே இராது. மலைச்சரிவில் தானாக வந்த அந்தச் சிறிதளவு விதையும் இவ்வாறு வரப்போரத்தில் காய்ந்து போகிறது.